வினிகர் துடைத்த அறை

பினாயில் வாசனை பட்டால் என் மனைவிக்கு வாந்தி வந்துவிடும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். டப்பாவைத் திறக்கும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்குச் சாதாரண வாசனைகூடக் குமட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் இருக்கும் அறையில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்றும் அங்கேதான் சொன்னார்கள். இரண்டையும் சொன்னது ஒரே நர்ஸ், ஒரே மூச்சில். அது எப்படி முடியும் என்று கேட்டதற்கு, பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த வருடங்களில் எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்துகொண்டிருந்தது, அதனால் அந்த நர்ஸைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் நல்லவர்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயிருந்தன. முதலில் டயாலிசிஸ் மிஷினில் போட்டுப் பார்த்தார்கள். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே திரும்பி வருவதற்குள் அவள் இதயம் தடுமாறியது. ஒவ்வொரு தடவையும் பிரஷர் விழுந்து, கண் சொருகி, பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்து கத்தும்படி ஆனது. மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றால் என்னுடையதும் பொருந்தவில்லை, அவள் அண்ணனுடையதும் பொருந்தவில்லை. கடைசியில் வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். பையில் இருக்கும் திரவத்தை அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். அது சில மணி நேரம் உள்ளே கிடந்து, ரத்தத்தின் அழுக்கை வாங்கிக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும். காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும் முன் என்று தினமும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவர் இதயம் மிஷினைத் தாங்காது. இந்தக் குழாய்தான் வழி. வயிற்றுக்குள் கிருமி போய்விட்டால் குழாயை எடுக்க வேண்டி வரும், எடுத்துவிட்டால் என்னிடம் வேறு எதுவும் இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மாடி வீட்டில் அப்போது குடியிருந்தோம். தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு மாவு மில். காலையில் மில் ஓட ஆரம்பித்தால் எங்கள் ஜன்னல் கம்பியில் வெள்ளையாக ஒரு பூச்சுப் படியும். அதற்கு முன் ஆறு வருடமாக அந்த மில்லில்தான் மிளகாய்த் தூளும் கோதுமையும் அரைத்துக்கொண்டிருந்தோம், அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. குழாய் வைத்த பிறகு அந்த மில் என் ஜென்ம விரோதி ஆனது. தெருவில் குப்பை கூட்டுகிறவர், மாடியில் மிளகாய் காயப்போடும் அடுத்த வீட்டுக்காரர், எங்கள் தண்ணீர்த் தொட்டியின்மேல் வந்து உட்காரும் காக்கை எல்லோரும் விரோதிகள். ஊரில் கண்ணுக்குத் தெரியாத கோடி கோடி எதிரிகள் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிந்தவர்களைத்தானே திட்ட முடியும்?

கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மதாம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இருவரும் பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்குத் திரும்பி இந்த வீட்டைக் கட்டினார்கள். கட்டிக் கொஞ்ச காலத்தில் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மதாம் வாட்டசாட்டமான ஆள். சிரித்தால் மாடிக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து, மாட்டுக்கறிக் குழம்போடு ஒரு தட்டு நிறைய இலை தழையும் சாப்பிடுவார். இலை தழை என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார். சலாத் என்று சொல்ல வேண்டும்.

பினாயில் பிரச்சினையை நான் படிக்கட்டில் நின்று புலம்பியபோது மதாம்தான் வழி சொன்னார்.

“பினாயிலு எதுக்கு தம்பி? அங்கெல்லாம் நாங்க வினேக்ர்தான். தரை, கண்ணாடி, பிரிஜ்ஜி, சலாத் எல, எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். மலிவு. கொஞ்ச நேரத்துல வாசனையும் போயிடும்.”

வினிகர் எனக்குப் புதிதல்ல. நான் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். அசிட்டிக் அமிலம் என் அலமாரியில் மேல்தட்டில் இருக்கும். லேபிள் ஒட்டிய பாட்டிலில் இருக்கும் எதையும் சமாளித்துவிடலாம் என்பது என் தொழில் கொடுத்த தைரியம். இருந்தாலும் நர்ஸிடம் கேட்டேன். வினிகர் எல்லாக் கிருமியையும் கொல்லாது, சிலவற்றைத்தான் கொல்லும் என்றார். வேறு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தரை, மேசை, கதவுக் கைப்பிடி துடைக்கப் பரவாயில்லை. கைக்கு சோப்புத்தான், பை வைக்கும் தட்டுக்கு ஸ்பிரிட்தான், குழாய் முனைக்கு அவர்கள் கொடுத்த மருந்துதான். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடக் கூடாது, விஷப் புகை வரும் என்றார். அது எனக்கே தெரியும் என்று சொன்னேன். அந்த ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான்.

அப்படித்தான் வினிகர் எங்கள் வீட்டுக்கு வந்தது. பைகள் வாங்கியே நாங்கள் ஓட்டாண்டியாகிக்கொண்டிருந்தோம். கடையில் கிடைத்ததிலேயே மலிவான வெள்ளை வினிகரை வாங்கினேன். தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், பை மாற்றுவதற்கென்று ஒதுக்கிய மேற்கு அறையை முழுக்கத் துடைப்பேன். தரை, மேசை, நாற்காலியின் கால்கள், ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும், சுவிட்ச், பையை மாட்ட நான் அடித்திருந்த ஆணி. சாயங்காலம் வந்து மறுபடியும் ஒரு தடவை. துணியைத் தனியாக அலசி, தனியாகக் கொடி கட்டிக் காயப்போடுவேன். பீரோவை வெளியே தள்ளியாயிற்று. காலண்டரையும் எடுத்தாயிற்று. சாமி படத்தை மட்டும் விட்டுவைத்தேன், அதன் கண்ணாடிக்கும் வினிகர்தான். ஒருநாள் முருகனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னாலிருந்து சொன்னாள்.

“ஊறுகா ஜாடிக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்குது.”

நான் சிரித்தேன். ஆனால் துடைப்பதை நிறுத்தவில்லை.

பாகூர்ப் பக்கம் கிராமத்திலிருந்து அவள் அண்ணன் ஒரு தடவை கத்தரிக்காய் மூட்டையோடு நேராக வயலிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். காலெல்லாம் சேறு. அவரை வாசலிலேயே நிறுத்தி, கால் கழுவச் சொல்லி, கை கழுவச் சொல்லி, முகமூடி போடச் சொல்லி, கடைசியில் அறைக்குள் விடாமல் கூடத்திலிருந்தே பேசவைத்து அனுப்பினேன். அவர் கத்தரிக்காயை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கத்தரிக்காயை வினிகர்த் தண்ணீரில் ஊறப்போட்டு நானே குழம்பு வைத்தேன். அதை இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

பை மாற்றும் நேரம் எங்கள் வீட்டில் பூசை நேரம் மாதிரி. மின்விசிறியை நிறுத்த வேண்டும், காற்றில் தூசி பறக்கும் என்பதால் ஜன்னலையும் சாத்த வேண்டும். சித்திரை மாத மதியத்தில் அந்த மேற்கு அறையில் விசிறி இல்லாமல் முகமூடியோடு உட்கார்ந்திருந்தால் வியர்வை மூக்கின் நுனியில் வந்து நிற்கும். அதைத் துடைக்கக் கூடாது, கை கழுவியாகிவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மதிய இடைவேளையில் பள்ளியிலிருந்து ஓடி வந்தாவது நான்தான் குழாயை இணைப்பேன். வயிற்றிலிருந்து வடியும் திரவம் தரையில் விரித்த நியூஸ்பேப்பர்மேல் வைத்திருக்கும் காலிப் பைக்குள் இறங்கும். அது நிறைந்ததும், பைக்கு அடியில் பேப்பரில் இருக்கும் எழுத்தைத் திரவத்தின் வழியாகப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தெளிவாகப் படிக்க முடிந்தால் வயிறு சுத்தமாக இருக்கிறது. கலங்கிப்போய் எழுத்துத் தெரியாவிட்டால் கிருமி புகுந்துவிட்டது. நர்ஸ் சொல்லிக்கொடுத்த பரீட்சை இது. இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, இத்தனை மிஷின்கள், கடைசியில் ஒரு பழைய நியூஸ்பேப்பர்தான் அவள் உயிரைச் சொல்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

பை நிறைந்ததும் அவள் கேட்பாள்.

“இன்னா செய்தி?”

நான் குனிந்து படிப்பேன். மின்வெட்டு, ஏலச்சீட்டு மோசடி, நகைக்கடைத் தள்ளுபடி, எதுவாக இருந்தாலும் உரக்கப் படிப்பேன். போன வாரத்துச் செய்தியாக இருக்கும். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வரும். தள்ளுபடி விளம்பரத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷி இந்தப் புதுச்சேரியிலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வயிற்றில் திரவத்தை வைத்துக்கொண்டு அவள் மெதுவாகக் கீழே இறங்கி மதாம் வீட்டில் கொஞ்ச நேரம் உட்காருவாள். அதை மட்டும் நான் தடுக்கவில்லை. மதாம் வீட்டுச் சமையலறையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதில் செம்பழுப்பு நிறத்தில் வினிகர். மேலே நுங்கு மாதிரி வழுவழுப்பாக ஒரு ஆடை மிதக்கும். அதற்கு மேர் என்று பெயர், தாய் என்று அர்த்தமாம். பிரான்சில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொடுத்த துண்டிலிருந்து மதாமின் கணவர் வளர்த்தது. ஊர் திரும்பும்போது பாட்டிலில் போட்டு, துணிக்குள் சுருட்டி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாராம். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் வைனை மதாம் அதில் ஊற்றுவார். தாய் அதைக் குடித்து வினிகராக்கிக் கொடுக்கும், அதுதான் சலாத்துக்கு. அவர் செத்தும் இது சாகல பாரு என்று மதாம் என் மனைவியிடம் அடிக்கடி சொல்வாராம்.

நான் என் படிப்பைக் காட்டாமல் இருப்பேனா? அந்தத் தாயே பாக்டீரியாக் கூட்டம்தான், வினிகரே கிருமி செய்து கொடுப்பதுதான் என்று விளக்கினேன். மதாம் மாடிக்குக் கேட்கச் சிரித்தார். என் மனைவி என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பாருங்கள், கிருமியிலும் குடும்பத்தோடு சேர்ந்து இருக்கிற கிருமி இருக்கிறது என்றாள். அவள் அண்ணனை நான் கூடத்தில் நிறுத்தியதைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது.

ஒருநாள் காலையில் பார்த்தால் வினிகர் பாட்டில் காலி. அன்று பந்த். எதற்கான பந்த் என்று இப்போது நினைவில்லை. நம் ஊரில் பந்துக்குக் காரணத்துக்குப் பஞ்சமா? பள்ளிக்கூடமும் விடுமுறை. ஒருநாள் துடைக்காவிட்டால் என்ன என்று அவள் சொன்னதைக் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நெல்லித்தோப்பில் ஒரு கடை திறக்கவில்லை. ரெட்டியார்பாளையம் வரை போனேன். பாதி ஷட்டர் தூக்கியிருந்த ஒரு மளிகைக் கடையில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டேன். பந்த் நாளில் வினிகர் கேட்டு வந்த ஆளைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். இல்லை என்றார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் வாசனை வேறு மாதிரி இருந்தது. புளிப்புத்தான், ஆனால் அடியில் பழுத்த திராட்சையின் இனிப்பு. அறை பளிச்சென்று இருந்தது. அவள் நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையில் துணி. கீழே போய் மதாமிடம் ஒரு பாட்டில் அவர் ஜாடி வினிகரை வாங்கி வந்து, நான் துடைப்பதுபோலவே ஒன்று விடாமல் துடைத்திருக்கிறாள். குழாய் வைத்த நாளிலிருந்து ஒரு தம்ளரைக்கூட நான் அவளைக் கழுவவிட்டதில்லை.

“நல்லா இருக்குது இல்ல? பழ வாசன” என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. அந்த அறை அவ்வளவு நன்றாக மணந்ததே இல்லை. அவள் முகமும் பழைய முகமாக இருந்தது. நன்றாகத் துடைத்திருக்கிறாய் என்று நான் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அறையில் ஒரு சின்ன ஈ. கடுகளவு இருக்கும். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்த ஈ. அடித்தேன். அதற்கு அடுத்த நாள் ஒரு கூட்டமே வந்துவிட்டது. கடை வினிகர் வெறும் அமிலமும் தண்ணீரும். மதாமின் வினிகர் வைனிலிருந்து வந்தது, அதில் பழத்தின் மிச்சம் இருக்கும். மேசைக் காலின் இடுக்கில், ஆணியைச் சுற்றி, ஜன்னல் சட்டத்தின் மூலையில் என்று எங்கெல்லாம் அது காய்ந்திருந்ததோ அங்கெல்லாம் ஈக்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஒரு ஈகூட நுழையக் கூடாத ஒரே அறைக்கு ஊர் ஈக்களையெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோல ஆகிவிட்டது.

நான் துண்டைச் சுழற்றிக்கொண்டு அறைக்குள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவளும் சிரிக்கவில்லை. வெந்நீரில் எல்லாவற்றையும் கழுவினேன். பை மாற்றுவதைக் கூடத்துக்கு மாற்றினேன். கூடத்தில் எதையும் சரியாகத் துடைக்க முடியாது, பெட்டிகள் அடுக்கியிருந்தன. மதாம் விஷயம் கேட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் வினிகரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுப் படிக்கட்டில் வைத்தார். ஈக்களெல்லாம் அதில் விழுந்து செத்தன. பிரான்சில் இப்படித்தான் செய்வார்கள் என்றார். வழக்கமாகச் சிரிக்கும் ஆள் அன்று சிரிக்காமல், அறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டுக் கீழே இறங்கினார். ஈ போய்விட்டது. அந்த வாரமே நான் ஒரு பெட்டி நிறையக் கடை வினிகர் வாங்கி அடுக்கினேன், இனி ஒருநாளும் தீரக் கூடாது என்று.

அதன் பிறகு சில நாள் கழித்து ஒரு காலை. பை நிறைந்தது.

“இன்னா செய்தி?” என்றாள்.

குனிந்து பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அடியில் பேப்பர் இருந்தது, பேப்பரில் எழுத்து இருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைப்புச் செய்திகூடத் தெரியவில்லை.

“கண்ணாடி போடல” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது. வயிறு விடியற்காலையிலிருந்தே வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பைக்குள்ளேயே மருந்து போட்டு வயிற்றில் விட்டார்கள். சில நாளில் திரவம் தெளிந்தது. வார்டில் அவள் செய்தி கேட்டாள், நான் பக்கத்துக் கட்டில்காரர் வைத்திருந்த பேப்பரைக் கடன் வாங்கிப் படித்தேன். பிறகு மறுபடியும் கலங்கியது. மருந்தை மாற்றினார்கள். இந்த முறை தெளியவில்லை.

பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. நான் டாக்டரிடம் ஈயைப் பற்றிச் சொன்னேன். வினிகர், பந்த், ஜாடி, எல்லாவற்றையும் வரிசையாக, ஆய்வகக் குறிப்பு எழுதுவதுபோலச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இது ஈ கொண்டுவந்த கிருமி இல்லை என்றார். மனிதத் தோலில் எப்போதும் இருக்கிற கிருமி. எல்லோர் மேலும் இருக்கும், ஒன்றும் செய்யாது. உள்ளே போகக் கூடாத இடத்துக்குப் போனால்தான் ஆபத்து.

“யார் தோல்ல இருந்து சார்?” என்று கேட்டேன்.

“உங்க தோல்லயும் இருக்கும், அவங்க தோல்லயும் இருக்கும், எந்தோல்லயும் இருக்கும். யாருதுன்னு எப்படிங்க சொல்றது? எவ்வளவு சுத்தமா இருந்தாலும் சிலருக்கு வருது.”

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். சோப்புப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துபோயிருந்தது. தரையைத் துடைத்தேன், கம்பியைத் துடைத்தேன், முருகனைத் துடைத்தேன். அவளை எங்கே துடைப்பது? என்னை எங்கே துடைப்பது? யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. மாவு மில்காரர்மேல், காக்கைமேல், மைத்துனர் கால் சேற்றின்மேல் கோபப்பட்டுப் பழகியவன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தேடிப் பார்த்தேன், ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அதைப்போல ஒரு கையாலாகாத்தனத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் உணர்ந்ததில்லை.

குழாயை எடுக்கத் தீர்மானித்தார்கள். அதற்கு முதல் நாள் மதாம் வார்டுக்கு வந்து போயிருக்கிறார். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் மனைவி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“மதாம் அழுதுட்டுப் போறாங்க. எல்லாம் அவங்க குடுத்த வினேக்ரால வந்ததுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நீங்க போயி ஈயால வரலன்னு சொல்லுங்க.”

நாளைக்குப் போகிறேன் என்றேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

“இன்னிக்கே போங்க. நா போனதுக்கப்பறம் சொன்னீங்கன்னா ஆறுதலுக்குச் சொல்றதா நெனச்சிக்குவாங்க. நா இருக்கும்போதே சொல்லுங்க.”

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை என்று முன்னாலேயே எழுதினேன். அவளும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. இருவரும் ஒரே விஷயத்தை ஆளுக்கு ஒரு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு அத்தனை நாள் அந்த அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தேன். மதாம் பின்கட்டில் இருந்தார். துணி துவைக்கும் கல்லின்மேல் அந்தக் கண்ணாடி ஜாடி கழுவிக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சாக்கடை ஓரம் செம்பழுப்பாக ஒரு கறை, அதன்மேல் அந்தச் சின்ன ஈக்கள்.

“ஊத்திட்டேன் தம்பி” என்றார். “அவர் கையால வச்சது. ஊத்திட்டேன்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தோலில் இருக்கும் கிருமி, யாருடையது என்று சொல்ல முடியாது, உங்கள் வினிகருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, டாக்டரே சொன்னார். மதாம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாடம் புரியாத மாணவர்கள் ஆசிரியர் மனம் நோகக் கூடாதென்று ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல். நான் இன்னொரு தடவை முதலிலிருந்து விளக்கினேன். அதற்கும் ஆட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உரிந்த தோலைத் தடவிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் போடச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, மதாமிடம் சொல்லிவிட்டேன், நம்பிவிட்டார் என்றேன். அவள் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

குழாயை எடுத்த பிறகு மிஷினில் போட்டார்கள். வேறு வழியில்லாததால் போட்டார்கள். இதயம் கொஞ்ச நாள் அவளுக்காக இழுத்துப் பிடித்துப் பார்த்தது. பிறகு ஒரு மதியம், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை அந்த நர்ஸ்தான் வந்து கூப்பிட்டார்.

காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். மேற்கு அறையையும் கழுவினார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். அந்த அறைக்குள் போனதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அவளுக்கு வருமே அப்படி. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். எதிரே மில் ஓடிக்கொண்டிருந்தது. மாவு தாராளமாக உள்ளே வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயன்படுத்தாத பைகளை ஆஸ்பத்திரியில் வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டேன். வினிகர் பெட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. பந்துக்குப் பிறகு வாங்கியது, பாதிக்குமேல் மூடி திறக்காமலே இருந்தது. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் கறிக்குழம்பு இருந்தது, சலாத் இல்லை. ஜாடி அலமாரியில் காலியாக இருந்தது. இதை வைத்து மறுபடியும் ஆரம்பிக்கலாமே என்று சொல்லிப் பாட்டிலை நீட்டினேன்.

மதாம் கையைக் கழுவிக்கொண்டு வந்து அதை வாங்கினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வினிகர் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. அதன் வழியாக எந்தப் பேப்பரையும் படித்துவிடலாம்.

“இதுல மேர் வராது தம்பி. அதுக்கு உசுரு இருக்கணும். இது கம்பெனியில செஞ்சது. இதுல ஒண்ணும் வளராது.”

எனக்குத் தெரியும் என்றேன். ஒன்றும் வளரக் கூடாது என்றுதானே அத்தனை பாட்டிலையும் வாங்கி வைத்தேன். மதாம் அதைத் திருப்பித் தரவில்லை. தரையாவது துடைக்கலாம் என்று சொல்லி அலமாரியில் அந்தக் காலி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எனக்கும் ஒரு தட்டு எடுத்துப் போட்டார்.